மீன் ஏற்றிய தோணியில் மனிதர் ஏறும்போது

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வந்து முடிகிறது. நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்றதும் எமக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். ஊருக்குப் பின்னால், வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் நீரை, மாரியில் கிட்டங்கிப் பாதையை வெள்ளம் மூடும்போது மட்டுமே நினைக்கிறோம். தெற்கே போனால் கோமாரி, பொத்துவில், பாணமை என்று களப்புகள் தொடர்கின்றன. இந்த நீர்களில் தோணி வைத்து மீன்பிடித்தவர்களில் சிலர் இப்போது வேறொரு சரக்கும் ஏற்றுகிறார்கள். விடுமுறைக்கு வரும் குடும்பங்களும் வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகளுமே அந்தச் சரக்கு. இத்தொழில் எப்படி வந்தது, எப்படி மாறுகிறது, தோணிக்காரரின் கையிலேயே அது நிற்குமா என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

பழைய சவாரி

ஆளை ஏற்றிக்கொண்டு வாவியைக் காட்டுவது எமது பக்கத்துக்கு முற்றிலும் புதிதல்ல. 1848 செப்ரெம்பரில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியில் இசையொலி கேட்கிறது என்ற கதையை விசாரித்தார். மீனவர் காட்டிய இடத்துக்கு நிலவில் தோணியில் போய் அதைத் தம் காதாலேயே கேட்டார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி இன்னும் கூடியதாக எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அதே வாவியில் அமெரிக்க இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். 'பாடும் மீன்' கேட்பதற்கென்று பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணி எடுப்பது பல தலைமுறைகளுக்குப் பழக்கமான ஒன்று. தோணிக்காரருக்கு அது தொழிலல்ல, மாதத்தில் ஓரிரு நாள் கிடைக்கும் கைச்செலவு.

போர் அதையும் நிறுத்தியது. 1983இல் மூண்ட போர் கிழக்கில் 2007 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் வாவி ஓர் எல்லைக்கோடாயிற்று. இரவில் தோணியில் போகிறவன் பாட்டுக் கேட்கப் போகிறான் என்று சொன்னால் யார் நம்புவார்? இடையில் 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிரிழப்பு எமது அம்பாறை மாவட்டத்தில்தான். நிவாரணமாகப் படகுகள் வந்து குவிந்தன. பல கரைகளில் இழந்ததிலும் கூடுதலாகவே வந்தன, சில கடலுக்கு உதவாதவை. படகு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்களில் எமது போன்ற நிறுவனத்தாரும் இருந்தோம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

போர் ஓய்ந்தபின் ஆறுகம்பேக்கு அலைச்சறுக்கலுக்கு வருவோர் பெருகினர். அலையில்லாத வேளையில் அவர்களுக்கு வேறு என்ன காட்டுவது? பொத்துவில் களப்பில் கண்டற்காட்டின் ஓரமாகத் தோணி செலுத்தி, கொக்கையும் முதலையையும் சில வேளை கரைக்கு வரும் யானையையும் காட்டும் இரண்டு மணிநேரச் சவாரி இப்படித்தான் பெயர்பெற்றது. அதை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக மீனவரே நடத்தினர். விறகுக்கு வெட்டிய கண்டல் மரத்தை நிற்கவிட்டால் அதைப் பார்க்கக் காசு கொடுப்பார்கள் என்பதை எந்தக் கருத்தரங்கும் அவர்களுக்கு இவ்வளவு விரைவாகப் புரியவைத்திருக்காது.

சரக்கை இழந்த படகுகள்

உலகின் பல இடங்களில் உல்லாசப் படகு பிறந்த கதை ஒன்றுபோலவே இருக்கிறது. ஏற்றிவந்த சரக்கு போய்விட்டது, படகு மிஞ்சியது.

இங்கிலாந்தின் நோபோக் பகுதியில் ஆறுகளும் சிறு ஏரிகளும் பின்னிக்கிடக்கின்றன. அங்கே 'வெறி' எனும் பாய்க்கப்பல்கள் தானியமும் நிலக்கரியும் சுமந்தன. புகையிரதம் வந்து சரக்கைப் பறித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில உரிமையாளர் கோடையில் சரக்கறையைக் கழுவிப் படுக்கை போட்டு விடுமுறைக்காரரை ஏற்றினர். மாரி வந்ததும் திரும்பவும் சரக்கு. 1908இல் பிளேக்ஸ் என்ற முகவர் நிலையம் தோன்றியபோது, தனித்தனியே இருந்த படகுத்துறைகளின் படகுகள் ஒரே பட்டியலில் வந்தன. தொழில் பெருகியது. ஆனால் 1980களின் பின் அங்கு வாடகைப் படகுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மலிவான விமானத்தில் வெயில் நாடுகளுக்குப் பறக்க முடிந்தவர்கள் ஆற்றுக்கு வருவதைக் குறைத்தனர்.

எமக்கு நெருக்கமான பாடம் கேரளத்தில் உண்டு. கயிற்றால் பலகையைத் தைத்துக் கட்டிய கெட்டுவள்ளங்கள் ஆலப்புழைப் பக்கம் நெல்லும் அரிசியும் ஏற்றின. பாலமும் லொறியும் வந்தபின் அவை கரையில் கிடந்து உக்கின. 1990களின் தொடக்கத்தில் அவற்றின்மேல் அறைகள் கட்டி வீட்டுப் படகாக்கினர். இன்று வேம்பநாட்டுக் காயலில் அவை நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. குளிரூட்டிய அறையும் இரட்டை மாடியுமாக வளர்ந்தபோது அதற்கான முதல் பழைய வள்ளக்காரரிடம் இருக்கவில்லை. காசுள்ளவர் படகு கட்டினார், வள்ளக்காரரின் மகன் அதில் சம்பளத்துக்குச் சுக்கான் பிடித்தான். கழிவும் எண்ணெயும் காயலில் கலக்கின்றன என்று மீனவர் முறையிடுகின்றனர். படகு பிழைத்தது, படகுக்காரர் பிழைத்தாரா என்பதே எமது கேள்வி.

மீன் கிறுகிப் பார்க்காது

பொத்துவில் கரையில் வயதில் மூத்த மீனவர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டோம்: "காக்கா, மீனை ஏத்துறதும் ஆளை ஏத்துறதும் தோணிக்கு ஒண்டுதானே?"

அவர் சிரித்தார். "இல்ல பாதர். மீன் கிறுகிப் பாக்காது. ஆள் கிறுகிப் பாக்கும். முதலையக் கண்டா எல்லாரும் ஒரு பக்கமாத்தான் கிறுகுவாங்க."

பொறியியல் படித்தவர் பல பக்கத்தில் எழுதுவதை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார். விளக்கம் இதுதான். மீனும் வலையும் தோணியின் அடியில் கிடக்கும். பாரம் தாழ்ந்திருக்கத் தோணி நிலையாய் நிற்கும். மனிதர் பலகையில் அமர்கையில் பாரம் உயர்கிறது, எழுந்து நிற்கையில் இன்னும் உயர்கிறது. ஒருவருக்கு 60 கிலோ என்று வைத்தாலும் எட்டுப் பேர் 480 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் படம் எடுப்பதற்காக ஒரே நொடியில் ஒரு விளிம்புக்குப் போகிறது. தோணி சாய்கிறது, சாய்ந்த பக்கத்துக்கு மற்றவர்களும் சரிகிறார்கள். மேலே கூரையோ இரண்டாம் தட்டோ கட்டிவிட்டால் பாரம் இன்னும் உயரே போய்விடும், கவிழ்ந்தபின் உள்ளிருப்பவர் வெளியே வரவும் வழியிராது.

2009 செப்ரெம்பர் 30இல் கேரளத்தின் தேக்கடி ஏரியில் அரச சுற்றுலாக் கழகத்தின் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் நின்ற காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததாக அப்போது செய்திகள் கூறின. 2011 டிசெம்பர் 25இல், நத்தார் விடுமுறையில், தமிழ்நாட்டின் பழவேற்காடு ஏரியில் 22 பேர் மாண்டனர். 2023 மே 7ஆந் திகதி மாலை கேரளத்தின் தானூரில் 22 பேர். தானூர் எமது கல்முனையைப் போலவே முஸ்லிம் மக்கள் நிறைந்து வாழும் மீனவக் கரை. மீன்பிடிப் படகொன்றை இரண்டு தட்டு உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றி, மாலை மங்கும் வேளையில் ஓட்டினார்கள். இறந்தவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தார்.

எமது மாகாணத்திலும் 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. அது உல்லாசச் சவாரியல்ல. பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் வேறு வழியின்றி ஏறிய மிதவை. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். கிழக்கில் எவரும் அந்தக் காலையை மறந்திருக்கமாட்டார்.

விபத்துகள் விடுமுறை நாட்களில் நிகழ்வது தற்செயலல்ல. பெருநாளும் நத்தாரும் தைப்பொங்கலும்தான் கூட்டம் வரும் நாட்கள். வருகிறவர் குடும்பமாக வருவார். பிள்ளையை மடியில் வைத்தால் கணக்கில் சேராது என்று நினைப்பார். சேலையோ நீண்ட அபாயாவோ அணிந்த தாய்மார் நீரில் விழுந்தால், நீந்தத் தெரிந்தாலும் கால் எழாது. நாமும் இதில் குற்றவாளிகளே. பல ஆண்டுகளுக்கு முன் இளைஞர் குழுவொன்றைக் களப்புக்கு அழைத்துச் சென்றபோது, "இன்னும் இருவர்தானே" என்று தோணிக்காரரை வற்புறுத்தி ஏற்றியவர் இக்கட்டுரையை எழுதுபவரே. நடுக்களப்பில் ஒரு முறை விளிம்பால் நீர் புகுந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அன்று அவர் எம்மை மறுத்துப் பேசாததற்குக் காரணம் மரியாதையும், எமக்குப் பின்னால் வரிசையில் நின்ற அடுத்த தோணியுமே.

முறையும் எண்ணெயும்

அந்த அடுத்த தோணி என்ற பயத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். "எட்டாவது ஆள் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் பக்கத்துத் தோணிக்காரர் பத்துப் பேரை ஏற்றுகிறார். ஒருவர் விலையை இறக்கினால் மற்றவர் இன்னும் இறக்குகிறார். இறக்கிய விலையை ஈடுசெய்யத் தலையைக் கூட்டுகிறார். ஆகவே பாதுகாப்பு தனியொருவரின் நல்ல மனதால் வருவதல்ல. ஒழுங்கு கரையில் இருக்கவேண்டும்.

மீனவருக்கு இது புதுப் பாடமல்ல. கரைவலை வளைப்பவர் ஒரே கரையில் ஒரே நேரத்தில் எல்லாரும் வலை விடுவதில்லை. முறை உண்டு, பாடு உண்டு. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடும் நான்கு மீனவர் சங்கங்கள் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முறைப்படி பகிர்ந்துகொள்வது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. பழவேற்காட்டிலும் பாடு என்ற பெயரிலேயே அந்த வழக்கம் உண்டு. ஆனால் அந்த ஒழுங்கு மீன்பிடிக்கும் இடத்துக்கு மட்டுமே ஏற்பட்டது, ஆள் ஏற்றும் படகை அது கட்டவில்லை. 2011 விபத்தின் பின் அங்கே உல்லாசச் சவாரிக்கே தடை வந்தது. ஒழுங்கை நாம் செய்யாவிட்டால் அதிகாரி வந்து கதவையே சாத்துவார். அவரைக் குறைசொல்ல எமக்கு வாயிராது.

சவாரிக்கும் முறை வைக்கலாம். பிரயாணி சங்கத்தில் காசு கட்டிச் சீட்டு எடுக்க, முறைக்குரிய தோணி போகும். இன்ன தோணிக்கு இத்தனை பேர் என்பது சீட்டிலேயே இருக்கும். ஒன்பதாவது ஆளை மறுப்பது தோணிக்காரரல்ல, சங்கம். விடுதிக்காரர் ஆள் அனுப்பினால் அவருக்குரிய தரகும் சங்கப் புத்தகத்தில் எழுதப்படும். சங்கத் தலைவரின் மருமகனுக்கு இரண்டு முறை வருவதும் எமக்குத் தெரியாததல்ல. முறைப்பட்டியலைக் கரையில் எல்லாரும் பார்க்கும் பலகையில் எழுதுவதே அதற்கு மருந்து.

இனி எஞ்சின். களப்பில் எஞ்சின் படகு விட்டால் கூடிய ஆள், கூடிய காசு என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. ஒரு சவாரிக்கு ஐந்து லீற்றர் என்று வைத்துக்கொண்டால் 435 ரூபாச் செலவு 1,700 ரூபா ஆகிவிட்டது. அதற்கு முன்னைய மாதங்களில் விலை கொடுத்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. எஞ்சின்காரர் வரிசையில் நின்றார், சவள் பிடித்தவரை எவரும் நிறுத்தவில்லை. எஞ்சினின் அலை சிறுதொழிலாளரின் வலையைக் குழப்பும், அதன் சத்தத்துக்குக் கொக்கு எழும்பிவிடும். கொக்கைப் பார்க்க வந்தவருக்கு வெறும் கண்டற்காட்டைக் காட்டுவது என்ன வியாபாரமோ!

அதற்காக வலையை வீட்டில் தொங்கவிட்டு முழுநேரமும் சவாரியையே நம்பச் சொல்கிறோம் என்று எண்ணவேண்டாம். ஆறுகம்பேயின் பருவம் சித்திரை தொடங்கி ஐப்பசி வரைதான். மாரியில் களப்பு பெருகி முகத்துவாரம் உடைத்துப் பாயும்போது ஆள் ஏற்றுவது ஆகாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னும், 2020இல் கொரோனாவிலும் பிரயாணியே வரவில்லை. அந்நாட்களில் அடுப்பெரிந்தது வலையுள்ள வீட்டில்தான். நோபோக் வெறிக்காரர் கோடைக்கு ஒன்று, மாரிக்கு ஒன்று என்று வைத்திருந்தது புத்திசாலித்தனம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

சட்டத்தில் ஒரு விடயம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் பதிந்த படகு, மீன்பிடிக்கப் பதிந்த படகு. அந்தப் பத்திரத்தை ஆளேற்றும் அனுமதி என்று கருதக்கூடாது. மீன்பிடிப் படகுக்கென்று எடுத்த காப்புறுதி பயணிக்கும் வரும் என்றும் எண்ணக்கூடாது. சங்கம் முதலில் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைக்கவேண்டும்.

தோணி எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அறிய அதிகாரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்னர், காற்றில்லாத ஒரு பின்னேரம், இடுப்பளவு நீரில் தோணியை நிறுத்துங்கள். சங்கத்தின் இளைஞர் ஒவ்வொருவராக ஏறி அமரட்டும். பின்பு எல்லாரும் எழுந்து ஒரு பக்கத்து விளிம்புக்குப் போகட்டும். விளிம்பு நீரைத் தொட்டால் ஆள் கூடிவிட்டது. ஒருவரை இறக்கித் திரும்பவும் செய்யுங்கள். விளிம்புக்கும் நீருக்கும் இடையில் ஒரு சாண் மிஞ்சும்வரை குறைத்துக்கொண்டே போங்கள். பின்பு அதே ஆட்கள் நடுவில் நேராக அமர்ந்திருக்கையில் நீர் நிற்கும் மட்டத்தில், இரு பக்கமும் சிவப்பு வர்ணத்தால் கோடு போடுங்கள். ஆட்தொகையைப் பக்கத்தில் பெரிய இலக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தொகைக்கு உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும், பிள்ளைகளுக்கான சிறிய அளவிலும் வேண்டும்.

சவாரி நாளில் கோடு நீருக்குள் போனால் கடைசியாக ஏறியவர் இறங்கட்டும். அவர் தவிசாளராயிருந்தாலும் சரி, மௌலவியாயிருந்தாலும் சரி, பாதராயிருந்தாலும் சரி.