புதிய மா ரகம் உருவாவது எப்படி?

மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நெல்லில் நாலைந்து ஆண்டுக்குள் ஒரு புது ரகம் வந்து விடுகிறது. மாவில் மட்டும் ஏன் பாட்டன் காலத்து நீலமும் பெங்களூராவுமே நிற்கின்றன?" என்பார்கள். கேள்வி நியாயமானதே. மாவில் புதிய ரகங்கள் வராமல் இல்லை. ஆனால் ஒரு ரகம் உருவாகிச் சந்தையில் நிலைப்பதற்குள் ஓர் ஆய்வாளரின் பணிக்காலமே முடிந்து விடுகிறது. நெல்லில் ரகம் தவறினால் ஒரு போகம் நட்டம். மாவில் தவறினால் பத்தாண்டு போய்விடும். ஆகவே இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கன்று வாங்குமுன் தெரிந்து கொள்வது நலம்.

முதல் வேலை, தாய் தந்தை மரங்களைத் தேர்ந்தெடுப்பது. வட இந்தியாவில் புகழ் பெற்ற தசேரி மிகவும் சுவையானது. ஆனால் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்ந்து விடும். நம் நீலமோ ஆண்டு தவறாமல் காய்ப்பது. பறித்த பின்னும் பல நாள் கெடாமல் தாங்குவது. ஆண்டுதோறும் காய்க்கும் குணத்தைக் கொடுப்பதால் நீலம் இந்தியாவின் பல புதிய ரகங்களுக்குப் பெற்றோராக அமைந்துள்ளது. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1970-களில் வெளியிட்ட மல்லிகா, நீலத்தைத் தாயாகவும் தசேரியைத் தந்தையாகவும் கொண்டது. அங்கு உருவான ஆம்ரபாலியில் தசேரி தாய், நீலம் தந்தை. மல்லிகா பெரிய பழம். ஆம்ரபாலி சிறிய பழம், குட்டை மரம். ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் நிறத்திலும் குணத்திலும் மாறுபடுவது போல, ஒரே பெற்றோரிடமிருந்து வரும் ஒவ்வொரு மாங்கொட்டையும் வெவ்வேறு குணமுள்ள மரத்தைத் தரும். நல்ல ரகத்தின் கொட்டையை நட்டால் அதே ரகம் வராததற்கும் இதுவே காரணம்.

பூவில் படும் பாடு

மாவின் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய் பிடிக்கக் கூடியவை இருபால் பூக்கள் மட்டுமே. இருபால் பூக்களில், காலையில் மகரந்தப்பை வெடிக்குமுன் அதை நுண்ணிய இடுக்கியால் நீக்கி, கொத்தைப் பையிட்டு மூடி, தந்தை மரத்தின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, மீண்டும் மூட வேண்டும். இயற்கையிலேயே ஆயிரம் பூவுக்கு ஒரு காய் தேறினால் பெரிது. கைபட்ட பூக்களில் இன்னும் குறைவு. ஒரு பருவம் முழுவதும் ஏணியில் நின்று வேலை செய்து, கடைசியில் ஒரு கூடைக் காய் கூடத் தேறாத ஆண்டுகள் உண்டு. ஒரே கொத்தில் நிறையப் பூக்களுக்குச் செய்வதைவிட, பல கொத்துகளில் சில பூக்களுக்கு மட்டும் செய்தால் காய் பிடிப்பு கூடுகிறது என்பது பின்னர் கண்டறியப்பட்டது.

இதைவிட எளிய வழி ஒன்றையும் டில்லி ஆய்வாளர்கள் கண்டனர். தசேரி தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காத ரகம். தசேரி ஒட்டுக் கன்றையும் தந்தை ரகக் கன்றையும் வலைக்கூண்டுக்குள் அருகருகே நட்டு, பூக்கும் சமயம் உள்ளே வீட்டு ஈக்களை வளர்த்து விட்டனர். தோட்டத்திலும் மாவுக்குப் பெரும்பாலும் ஈக்களே மகரந்தம் சேர்க்கின்றன. எனவே கூண்டுக்குள் தசேரியில் பிடித்த காய் எல்லாம் கலப்புக் காய்களே. நாம் விரட்டும் ஈக்கு இப்படியும் ஒரு வேலை!

பிறகு தொடங்குவது காத்திருப்பு. கொட்டை முளைப்புத் திறனைச் சில வாரங்களில் இழந்து விடும். ஆகவே உடனே விதைக்க வேண்டும். கன்று தானாக வளர்ந்து காய்க்க 6 முதல் 10 ஆண்டு ஆகும். இதைச் சுருக்க, இளங்கன்றின் குச்சியை எடுத்து வளர்ந்த மரத்தின் கிளையில் ஒட்டுக் கட்டுவதுண்டு. காய்த்த பின்னும் ஒரு பருவத்தைக் கண்டு முடிவு சொல்ல முடியாது. ஆண்டு தவறாமல் காய்க்கிறதா என்று அறியவே நாலைந்து பருவம் வேண்டும். பழத்தின் எடை, இனிப்பு, நார், கொட்டையின் அளவு, தோலின் கெட்டி, வைப்புத் தாங்கும் நாள், தத்துப்பூச்சி, சாம்பல் நோய் எல்லாம் பதிவாகும். பெரும்பாலான கன்றுகள் இங்கேயே கழிக்கப்படும். தேறியதை ஒட்டுக் கட்டிப் பெருக்கி, வெவ்வேறு மண்ணிலும் மழையிலும் நட்டு, பின்னர் விவசாயிகளின் நிலங்களிலும் சோதிக்க மேலும் பல ஆண்டு ஆகும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறை முழுதும் தீர்வதில்லை. அல்போன்சா பழத்தின் சதை உள்ளே பஞ்சு போலாகும் குறையைப் போக்க, மகாராஷ்டிரத்தின் வெங்குர்லாவில் நீலத்தோடு சேர்த்து ரத்னாவை உருவாக்கி 1981-ல் வெளியிட்டனர். அந்தக் குறை நீங்கியது. ஆயினும் அல்போன்சாவின் பெயருக்குச் சந்தையில் உள்ள விலை இன்றும் தனிதான். ஆம்ரபாலியை இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 640 கன்றுகள் நடலாம். பழைய 10 மீட்டர் முறையில் 40 மரமே. ஆனால் கவாத்து செய்யாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கிளைகள் பின்னி, வெளிச்சம் புகாமல் காய்ப்பு விழுந்து விடும்.

சந்தை என்னும் கடைசிச் சோதனை

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், தர்மபுரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருந்த ஒருவரிடம் ஒரு புதிய கலப்பு ரகத்தைப் பற்றி மிகவும் புகழ்ந்து சொன்னேன். என் பேச்சை நம்பி அவர் முப்பது நீல மரங்களைத் தலை வெட்டி அந்த ரகத்தை ஒட்டுக் கட்டினார். நான்காம் ஆண்டு நன்றாகவே காய்த்தது, பழமும் தேன். ஆனால் மண்டியில் பெயர் தெரியாத பழம் என்று கொட்டை மாவோடு சேர்த்து விலை போட்டார்கள். தோல் மெல்லியதாதலால் லாரியில் போனதில் பாதி நசுங்கியது. அவர் மரங்களை மீண்டும் நீலத்துக்கே மாற்றினார். வீட்டில் நடக்கவிருந்த திருமணம் அதனால் தள்ளிப் போனதைப் பின்னர்தான் அறிந்தேன். ஒரு குறை கூட அவர் சொல்லவில்லை. அதன்பின் எந்தப் புதிய ரகத்தையும் தோப்பு முழுவதும் போடும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே புதிய ரகம் வேண்டுவோர் முதலில் ஐந்தாறு கன்றுகளை மட்டும் நடவும். அல்லது இருக்கும் மரமொன்றில் இரண்டு கிளைகளில் மட்டும் ஒட்டுக் கட்டவும். மூன்று பருவம் காய்ப்பைக் குறித்து வையுங்கள். பழத்தை ஒரு வாரம் வைக்கோலில் வைத்துப் பாருங்கள். உங்கள் மண்டி வியாபாரியிடமும், கூழ்த் தொழிற்சாலைக்குக் காய் அனுப்புபவரிடமும் காட்டி விலை கேளுங்கள். அதற்குப் பிறகு பெருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. தசேரி ரகம் லக்னோவுக்கு அருகில் தசேரி என்ற கிராமத்தில் நின்ற ஒரு மரத்திலிருந்து வந்தது. எந்த ஆய்வாளரும் அதைச் செய்யவில்லை. உங்கள் வரப்பிலோ கிணற்று மேட்டிலோ தானாய் முளைத்த மரம் ஆண்டு தவறாமல் காய்த்தாலோ, பருவம் தப்பிக் காய்த்தாலோ, அதை வெட்டுமுன் யோசியுங்கள். மரத்தில் அடையாளமிட்டு நாலைந்து ஆண்டுக் காய்ப்பை எழுதி வையுங்கள். மரம் பட்டுப் போகக் கூடுமாதலால் முதலில் இரண்டு ஒட்டுக் கன்று எடுத்து விடுவது அவசியம். மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக் கிளையில் இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளி, ஒரு வாரம் பத்து நாளில் மொட்டுப் பருத்ததும் குச்சியை வெட்டி ஒட்டுக் கட்ட வேண்டும். பழங்களையும் குறிப்பையும் அருகிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி, விவசாயி தான் கண்டெடுத்த ரகத்தைத் தன் பெயரில் பதியலாம். அதற்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. பதிவு முடியும் வரை குச்சியை நர்சரிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.