வாடகை மட்டும் செலவு இல்லை: வெளியூருக்குச் சரக்கு அனுப்புபவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இந்தியாவின் லாஜிஸ்டிக்ஸ் செலவு ஜிடிபியில் 13, 14 சதவீதம் என்று பல வருடம் பேசிக்கொண்டிருந்தோம். 2025இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டில் அது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. நாடே தன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டது. உங்கள் கணக்கு? கரூரிலிருந்து பெட்ஷீட் அனுப்பும் நண்பர் ஒருவர் லாரி வாடகையை மட்டும் எழுதி வைத்திருந்தார். கூலி, ஹால்டிங் (லாரி காத்திருந்ததற்கான காசு), மழையில் நனைந்த பேல் எல்லாம் ‘இதர செலவு’ பக்கத்தில் கிடந்தன.

செய்ய வேண்டியவை

- மூன்று மாத லாரி ரசீதுகளை இன்றே எடுங்கள். வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, ஹால்டிங், சேதம், திரும்பி வந்த சரக்கு எல்லாவற்றையும் கூட்டி, பெட்டிக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் உண்மையான செலவு.
- பெட்டியை டேப் வைத்து அளந்து பாருங்கள். 60×50×50 செ.மீ. பெட்டியில் 12 கிலோ சரக்கு இருந்தாலும், நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுக்கும் கூரியர் 30 கிலோவுக்குக் காசு வாங்கும். உயரத்தில் 10 செ.மீ. குறைத்தால் 24 கிலோதான்.
- ஒரே ஊர் ஆர்டர்களைச் சேர்த்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அனுப்புங்கள். தினம் ஒரு பார்ட் லோடு போட்டால் கையைக் கடிக்கும்.
- ரிட்டர்ன் லோடு கேளுங்கள். காலியாகத் திரும்ப வேண்டிய லாரிக்காரர் வாடகையில் இறங்கி வருவார்.
- லாரி வருவதற்குள் பேல்களைக் கட்டி, எண்ணி வையுங்கள். வாசலில் நிற்கும் லாரிக்கும் காசு ஓடுகிறது.

செய்யக்கூடாதவை

- ஓவர்லோடு ஏற்றச் சொல்லாதீர்கள். அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்குத் தலா 2,000. மிச்சம் பிடித்த வாடகை ஒரே செக்போஸ்டில் போய்விடும்.
- ஈ-வே பில் தேதியை டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். சாதாரண சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள்தான் கணக்கு. வழியில் தாமதமானால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ, முடிந்த 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்க வேண்டும்.
- மதிப்பு எழுதாமல் புக்கிங் போடாதீர்கள். கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால், டிரான்ஸ்போர்ட்டின் பொறுப்பு வாடகையைப்போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். 800 ரூபாய் வாடகைக்கு 8,000. பேலில் இருந்தது ஒரு லட்சம் ஆனாலும்.
- பிரித்துப் பார்க்காமல் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள், வாங்குபவரையும் போடவிடாதீர்கள். சேதம் இருந்தால் ரசீதிலேயே எழுதுங்கள். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் தராவிட்டால் வழக்கும் போட முடியாது.
- வாடகையை வாங்குபவரே கட்டும் ‘டூ-பே’ போட்டால் நமக்குச் செலவில்லை என்று நினைக்காதீர்கள். வாங்குபவர் அதை அடுத்த ஆர்டரின் ரேட்டில் கழித்துவிடுவார்.

நண்பர் இப்போது ‘இதர செலவு’ பக்கத்தையே கிழித்துவிட்டார். உங்கள் நோட்டிலும் அந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.