பூசணம் பிடித்த புண்ணாக்கும் நாம் குடிக்கும் பாலும்



சென்ற ஐப்பசி மழையில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். கறவை மாட்டு உதவி பெறும் குடும்பங்களுக்காக மலிவாக வாங்கிய கடலைப் புண்ணாக்கு நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்துக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் மாடுகள் தீவனம் எடுக்காமல் நின்றன, பால் குறைந்தது. கால்நடை மருத்துவர் புண்ணாக்கை முகர்ந்து பார்த்தவுடன் நிறுத்தச் சொன்னார்.

ஈரம்பட்ட கடலை, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், நச்சு போகாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தே இந்நச்சைக் கண்டறிந்தார்கள்.

இது மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும். அசைபோடுவதும் பாலும் குறையும், சினைபிடிப்பு பாதிக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி தளரும். நச்சின் ஒரு பகுதி அஃப்ளடாக்சின் எம்-1 ஆக மாறிப் பாலில் இறங்கும். அந்தப் பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. குழந்தைகள் குடிப்பதும் அந்தப் பாலைத்தான்.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இந்நச்சு வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551க்கு 88. விருத்தாசலம், பண்ருட்டி பக்கமெல்லாம் கடலை விளையும் நம் பகுதிக்கு இது அயலார் செய்தி அல்ல.

ஆறுதல் ஒன்று உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பாலில் நச்சு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே:

1. மழைக்காலத்தில் வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.
2. மூட்டையைப் பலகைமேல், சுவரில் படாமல் அடுக்குங்கள்.
3. கட்டி தட்டினாலோ, பூசண வாடை வந்தாலோ கொடுக்காதீர்கள். ஆடு, கோழிக்கும் வேண்டாம்.
4. நல்லதாகத் தெரியும் தீவனத்திலும் நச்சு இருக்கலாம். சந்தேகமிருந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

மீதி மூட்டைகளை ஒரு வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைந்திருந்த மழை ஈரத்தைக் கண்டு, வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நினைவுக்கு வந்தது. விற்கவில்லை, குழி தோண்டிப் புதைத்தோம். நட்டத்தை ஸகாத் கணக்கில் எழுதாமல் நிர்வாகிகள் நாங்களே பகிர்ந்துகொண்டோம்.