சமரசம் பேசுங்கள், நாளையும் எண்ணுங்கள்

மலேசியாவில் வணிகத்துக்கென்று செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில். அதே ஊரில் இன்று சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. ஊருக்குப் பெயர் மாறினாலும் நம் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தாத்தா பால்மரம் வெட்டிய வட்டாரத்தில் பேத்தி விரிவுரையாளர், பேரன் ஆய்வுக்கூட உதவியாளர், பக்கத்து வீட்டு அக்கா துப்புரவுப் பணியாளர்.

தோட்டத்தில் தகராறு என்றால் போகும் வழி தெரியும்: மண்டோர், கிராணி, கடைசியில் சங்கத் தலைவர். நமக்காகப் பேச ஒரு வாய் இருந்தது. பல இனத்தார் சேர்ந்து வேலை செய்யும் வளாகத்தில் நமக்காகப் பேசுவது தாள்தான். அதற்கு ஆறு குறிப்புகள்.

1. முதலாளி யார்?
நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். காவல், துப்புரவு, உணவகம் பெரும்பாலும் குத்தகை நிறுவனங்களின் கையில் இருக்கும். புகார் முதலில் போக வேண்டியது கடிதத்தில் பெயர் உள்ள நிறுவனத்துக்கு. அரசுப் பல்கலைக்கழகத்தின் நேரடி ஊழியருக்குப் பணி விதிகள் வேறு. கீழே வருபவை தனியார் பல்கலைக்கழக, குத்தகை நிறுவன ஊழியர்களுக்கு.

2. தீபாவளியை டிசம்பரிலேயே கேளுங்கள்
1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், பேரரசர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள் ஆகிய 5 மட்டுமே கட்டாயம். மீதி 6 முதலாளியின் தேர்வு. தீபாவளி அந்த ஐந்தில் இல்லை! புத்தாண்டுக்கு முன்பே பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பண்டிகைக்கு முந்திய வாரம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

3. எழுதி வையுங்கள்
என்றைக்கு, எங்கே, யார், என்ன சொன்னார், யார் பார்த்தார்: ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து வரி போதும். அன்றே எழுதுங்கள். வாட்சாப்பை அழிக்காதீர்கள்.

4. சமரச மேசையில் கணக்கைப் பேசுங்கள்
“நான் இந்தியன் என்பதால்தான்” என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். “மூன்று மாதமாக இரவு ஷிப்டு எனக்கே விழுகிறது, இதோ அட்டவணை” என்று தொடங்குங்கள். காரணம் என்ன என்று அவர்தான் சொல்லியாக வேண்டும். என்ன மாற்றம் வேண்டும் என்பதை முன்கூட்டியே மலாயில் எழுதிக்கொண்டு போங்கள். மனிதவள அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி என்பதையும் மறக்க வேண்டாம். புரியாத தாளில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள்.

5. எல்லாவற்றுக்கும் சமரசம் மருந்தல்ல
பாலியல் தொல்லைக்கு “இரண்டு பேரும் கைகொடுங்கள்” என்பது தீர்வாகாது. முறையான விசாரணை கேளுங்கள். 2024 மார்ச் முதல் அதற்கென்றே தனித் தீர்ப்பாயம் இயங்குகிறது. வேலையில் பாகுபாடு என்றால், 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத்தின் 69F பிரிவின்கீழ் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். விசாரித்து உத்தரவிட இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

6. வேலை போனால் 60 நாள்
நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நியாயமின்றி நீக்கப்பட்டால், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, மீண்டும் வேலையில் சேர்க்கக் கோரும் மனுவை 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறது, தெரிந்தவர் பேசிப் பார்க்கிறார் என்பதற்காகக் காலக்கெடு நிற்காது. மனுவுக்குக் கட்டணம் இல்லை. இலாகா இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அந்த அறைக்குள் வக்கீலுக்கு இடமில்லை. அங்கே முடியாவிட்டால், 2021 முதல் அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகிறது.

சமரசம் நல்லதுதான். நாளும் பார்க்கும் அதே மனிதரோடுதான் மறுபடி வேலை செய்யப் போகிறோம். ஆனால் “பேசிப் பார்க்கலாம், பொறுங்கள்” என்ற சொல்லுக்கு 61ஆம் நாள் மதிப்பில்லை. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். பணிநீக்கம் நடப்புக்கு வந்த தேதியை இன்றே நாள்காட்டியில் வட்டமிடுங்கள்.