அழைப்பும் வாக்கும்

நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராம வர்மா திருவிதாங்கூரை ஆண்டபோது, தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. குழித்தறியில் நெய்யப்படும் பாலராமபுரத்துத் துணிகள் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

நெய்வது ஒரு திறன். நெய்ததை விற்பது மற்றொரு திறன். விசைத்தறித் துணி குறைந்த விலைக்குக் கிடைக்கும் சந்தையில், வாங்குவோரிடம் எடுத்துச் சொல்லாவிட்டால் நல்ல துணியும் பெட்டியிலேயே தங்கிவிடும்.

காரக்கோணத்தில் வாழும் பெண் ஒருவர், பாலராமபுரத்து நெசவாளரிடம் வேட்டிகள் வாங்கி விற்கிறார் என்று கொள்வோம். ஓணத்திற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே அவர் குறிப்பேட்டுடன் தொலைபேசியின் அருகில் அமர்கிறார். திருவனந்தபுரத்துக் கடைக்காரரிடம் மலையாளத்திலும் நாகர்கோவில் கடைக்காரரிடம் தமிழிலும் பேசுகிறார். எல்லையில் வாழ்வோருக்கு இருமொழி அறிவும் ஒரு முதல்தான்.

"வணக்கம் ஐயா. காரக்கோணத்திலிருந்து பேசுகிறேன். பாலராமபுரம் கைத்தறி வேட்டிகள் விற்கிறேன். இரண்டு நிமிடம் பேசலாமா?"

"கடையில் கூட்டமாக இருக்கிறதம்மா."

"எப்போது அழைத்தால் வசதியாக இருக்கும் ஐயா?"

"மூன்று மணிக்குமேல் அழையுங்கள்."

மூன்று மணிக்கு அவர் மறவாமல் அழைத்தார். தம் சரக்கைப் புகழாமல், "சென்ற ஓணத்திற்கு எவ்வகைக் கரை விரைவில் விற்றது?" என்று கேட்டார். கடைக்காரர் கூறியதைக் குறித்துக்கொண்டார்.

"ஓணத்திற்குப் பத்து நாள் முன்பே இருபது வேட்டிகள் வேண்டும். தருவீர்களா?" என்றார் கடைக்காரர்.

அதற்குள் பன்னிரண்டு மட்டுமே தறியிலிருந்து இறங்கும் என்பதைக் குறிப்பேடு காட்டியது. எட்டு விசைத்தறி வேட்டிகளைக் கலந்துவிட்டால் இருபதும் நிறையும். பார்ப்பவர் எளிதில் அறியமாட்டார்.

"பன்னிரண்டை உறுதியாகத் தருவேன் ஐயா. எஞ்சியவை ஓணத்திற்குப் பின்புதான் கிடைக்கும். விசைத்தறி வேட்டியைக் கைத்தறி என்று சொல்லித் தரமாட்டேன்."

கடைக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "பன்னிரண்டையே அனுப்புங்கள்" என்றார்.

எட்டு வேட்டிகளின் வருவாயை அப்பெண் இழந்தார். ஆனால், அடுத்த ஆண்டும் அக்கடையைத் தயக்கமின்றி அழைக்கும் உரிமையைப் பெற்றார். ஒப்புக்கொண்ட அளவு, விலை, நாள் ஆகியவற்றைக் கடைக்காரருக்குச் செய்தியாக அனுப்பினார். "இனி அழைக்க வேண்டா" என்று கூறியவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார். வணிக அழைப்புகளை விரும்பாதோர் 1909 என்னும் எண்ணில் பதிவு செய்து மறுக்கும் வசதி இந்தியாவில் உண்டு. பிறர் நேரத்தை மதிப்பதும் வணிக ஒழுக்கமே.

திருவள்ளுவர் அமைச்சரைப் பற்றிக் கூறும் பகுதியில் 'சொல்வன்மை' என ஓர் அதிகாரம் அமைத்தார். அவ்வன்மை வணிகருக்கும் வேண்டும். சொன்னதைச் செய்து காட்டும்போதே அது நிறைவு பெறும்.

சொற்பொருள்
வாக்கு – உறுதிமொழி
முதல் – மூலதனம்
வருவாய் – வரும் பொருள்

பயிற்சி
1. சாலியர் குடும்பங்கள் பாலராமபுரத்தில் எப்போது குடியமர்த்தப்பட்டன?
2. முதல் அழைப்பில் கடைக்காரர் பேச மறுத்தபோது அப்பெண் என்ன செய்தார்?
3. இருபது வேட்டிகள் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் வீட்டார் செய்யும் தொழில் ஒன்றிற்கான தொலைபேசி உரையாடலைத் தமிழில் எழுதி, நண்பருடன் பேசிக் காட்டுக.