துரு பிடிக்கும் முன்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடம் வாடகை ஷெட்டில் லேத் பட்டறை வைத்திருந்தேன். முதுகு வலி முற்றி ஷெட்டைக் காலி செய்தபோது மற்ற மெஷின்களை விற்றுவிட்டேன். முதன்முதலில் கடன் வாங்கி எடுத்த ஆறடி லேத்தை மட்டும் விற்க மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, தார்ப்பாய் மூடி வைத்தேன். எப்போதாவது உதவும் என்று மனைவியிடம் சொன்னேன்.

மூன்று வருடம் அதில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஐப்பசி அடைமழை விட்டபின் ஒருநாள் தார்ப்பாயைத் தூக்கினால், பெட் முழுக்கச் செம்புள்ளி. தொட்டால் விரலில் பொடி ஒட்டியது. தினமும் ஓடும் லேத் இப்படி ஆகாது. எண்ணெய் பட்டுப் பட்டு, பெட்டின் மேல் கேரியேஜ் போய்வரும் இடம் கண்ணாடியாய் மின்னும். பூட்டிப் பத்திரப்படுத்தியதால் வந்த கேடு இது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், பூமியில் சேர்க்கும் பொக்கிஷத்தைக் கெடுப்பவை என்று இயேசு பூச்சியோடு துருவையும் சேர்த்துச் சொல்வதைச் சிறுவயது முதல் வாசிக்கிறேன். இரும்பால் பிழைத்த எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

அடுத்து வந்த லெந்து நாட்களில் லூக்கா 12-ஐத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெரிய களஞ்சியம் கட்ட நினைத்த அந்த ஐசுவரியவான் யாரையும் ஏமாற்றியதாக அங்கே இல்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் யாரையும் கலக்காமல் தனக்குள்ளேயே பேசுகிறான். பேச்செல்லாம் 'என்', 'என்' என்றே போகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னிடம் தொழில் கற்ற தம்பி ஒருவர் சொந்தமாகப் பட்டறை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவரிடம் கேட்டேன்: இந்த லேத் உனக்கு வேண்டுமா? கேட்காமல் கொடுத்தால் நம் பாரத்தை அடுத்தவர் தலையில் இறக்குவதாகிவிடும். வேண்டும் என்றார். பெட்டைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, சக்கைச் சரிபார்த்து, ஓடும் நிலையில்தான் அனுப்பினேன். சீர்கெட்டதைத் தள்ளிவிடுவதை ஈகை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கொடுத்தது சுலபம். கொடுத்த பிறகுதான் கஷ்டம். மறுமாதம் போய்ப் பார்த்தேன். என் பச்சை நிறம் போய் நீலம் அடித்திருந்தார், டூல் போஸ்டையும் மாற்றியிருந்தார். 'ஏன்?' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அப்போது எனக்குத் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் நினைவுக்கு வந்தது. 1921-ல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தின் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் தொடங்கியது. வசதியான குடும்பத்தில் பிறந்த பேட்டன் இங்கே கதர் உடுத்தி, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து எளிமையாக வாழ்ந்தார். ஆசிரமத்தில் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், பணமும் படிப்பும் உள்ள வெள்ளைக்காரர் ஒருவர் தமிழருக்குச் சின்னவராக இருக்கச் சம்மதித்தார். பொருளை விடுவதைவிட, அதோடு வரும் அதிகாரத்தை விடுவது பெரிதாக எனக்குப் படுகிறது.

ஒன்றும் கேட்காமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய மைக்ரோமீட்டர் ஒன்று இன்னும் அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு அந்தத் தம்பியிடம் போகிறேன்.