நிமிர்ந்த நுணுக்குக்காட்டி: தேர்வும் பயன்பாடும்

மனிதனுடைய கண் வியத்தகு கருவியேயாயினும் அதன் ஆற்றலுக்கும் ஓர் எல்லையுண்டு. 25 சதமமீற்றர் தூரத்தில் வைத்து நோக்கும்போது, மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிலும் நெருங்கியிருக்கும் இரு புள்ளிகள் நமக்குப் பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றுகின்றன. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள உலகத்தை 1665ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் தம் ‘மைக்கிரோகிராபியா’ என்னும் நூலாலும், அவரையடுத்து ஒல்லாந்தராகிய லீவன்ஹூக் தம் கடிதங்களாலும் மக்களுக்குத் திறந்து காட்டினர். அவர்கள் வழிவந்த கருவியே இன்று ஆய்கூடங்களில் நாம் காணும் நுணுக்குக்காட்டி. அதனை எங்ஙனம் தேர்வது, தேர்ந்தபின் எங்ஙனம் ஆள்வது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிமிர்ந்ததும் தலைகீழானதும்

பொருள்வில்லை மேலேயும், பார்க்கப்படும் பொருள் அதன் கீழே மேடையிலும் அமைந்திருப்பின் அது நிமிர்ந்த நுணுக்குக்காட்டி. வில்லை மேடைக்குக் கீழே நின்று மேனோக்கிப் பார்ப்பின் அது தலைகீழ் நுணுக்குக்காட்டி. கண்ணாடி வழுக்கியில் வைத்து மூடித்துண்டால் மூடப்பெற்ற மெல்லிய பொருள்களுக்கு முன்னையதே ஏற்றது. குடுவையின் அடியில் வளரும் உயிர்க்கலங்களுக்கும், மேடையின்மேல் அடங்காத கனத்த உலோகத் துண்டுகளுக்கும் பின்னையது பொருந்தும். ஆதலின், கருவி வாங்கப் புகுவோன் முதலிற் கேட்கவேண்டுவது, “இக்கருவியின் விலை யாது?” என்பதன்று, “நான் பார்க்கப்போகும் பொருள் யாது?” என்பதேயாம்.

பெருக்கமும் பிரிவலுவும்

நுணுக்குக்காட்டியின் பெருமை அதன் உருப்பெருக்கத்தில் அடங்கியுள்ளதெனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. நெருங்கிய இரு புள்ளிகளை வேறுவேறாகக் காட்டும் ஆற்றலே பிரிவலு எனப்படும். அதுவே கருவியின் உயிர். இதன் எல்லையை 1873ஆம் ஆண்டில் யேனா நகரத்துப் பேராசிரியர் ஏர்ணஸ்ற் அபே கணித்துக் காட்டினார். ஒளியின் அலைநீளத்தை, வில்லையின் எண்துவாரத்தின் இருமடங்கால் வகுக்க வருவதே பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளியாகும். எண்துவாரம் என்பது, பொருளிலிருந்து எத்துணை அகன்ற ஒளிக்கூம்பை வில்லை ஏற்கவல்லது என்பதைக் குறிக்கும் எண். அது ஒவ்வொரு பொருள்வில்லையின் பக்கத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

பச்சை ஒளியின் அலைநீளம் 550 நனோமீற்றர் எனக் கொள்வோம். 10 மடங்கு பெருக்கும் வில்லையின் எண்துவாரம் வழக்கமாக 0.25, அது 1.1 மைக்கிரோமீற்றர் இடைவெளியைப் பிரிக்கும். 40 மடங்கு வில்லைக்கு 0.65, அது ஏறக்குறைய 0.42 மைக்கிரோமீற்றரைப் பிரிக்கும். 100 மடங்கு எண்ணெய்வில்லைக்கு 1.25, அது 0.22 மைக்கிரோமீற்றரைப் பிரிக்கும். வளியில் எண்துவாரம் ஒன்றைத் தாண்டுதல் இயலாது. கண்ணாடியை ஒத்த முறிவுச்சுட்டியுடைய எண்ணெய்த் துளியொன்றை இடையில் வைத்தலாலேயே அவ்வெல்லை கடக்கப்படுகிறது.

பயன்தரும் பெருக்கம் எண்துவாரத்தின் 500 மடங்குக்கும் 1000 மடங்குக்கும் இடைப்பட்டது என்பது நெடுங்கால அநுபவத்தால் அமைந்த விதி. 1.25 எண்துவாரமுடைய வில்லைக்கு 20 மடங்கு பார்வைத்துண்டைப் பொருத்தி, “இஃது 2000 மடங்கு பெருக்கும்” என ஒருவர் விளம்பரஞ் செய்யலாம். உருவம் பெரிதாகும், புதிய விவரம் ஒன்றேனும் தோன்றாது. இதுவே வெறும் பெருக்கம் எனப்படும். எனவே, வாங்கும்போது பெருக்கத்தைப் பாராது எண்துவாரத்தைப் பார்த்தல் வேண்டும்.

தொழிலுக்கேற்ற தேர்வு

குருதி, இழையம், பற்றீரியா ஆகியவற்றை நோக்குவோர்க்கு ஊடுசெல்லும் ஒளியும், நல்ல எண்ணெய்வில்லையும், மையப்படுத்தக்கூடிய ஒடுக்கியும் இன்றியமையாதன. இவ்வகை வில்லைகள் 0.17 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள மூடித்துண்டுக்கெனக் கணிக்கப்பட்டவை. வில்லையின் பக்கத்தில் 0.17 என்னும் எண் காணப்படுவது இதுபற்றியே. சாயமூட்டாத உயிர்க்கலங்களை நோக்குவோர், ஒல்லாந்தப் பௌதிகவியலாளர் சேர்ணிக் கண்டுபிடித்த அவத்தை வேறுபாட்டு அமைப்பைப் பெறுதல் நன்று. அக்கண்டுபிடிப்புக்கே 1953ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

உலோகத்தினூடே ஒளி செல்லாது. ஆகையால், உலோக ஆய்வுக்குரிய கருவியில் ஒளி பொருள்வில்லையினூடாகவே கீழிறங்கி, பொருளிற்பட்டுத் தெறித்து மீண்டும் அவ்வில்லையின் வழியே மேலேறுகிறது. இதற்கான வில்லைகள் மூடித்துண்டின்றிப் பார்ப்பதற்கென அமைந்தவை. இத்துறைக்கு வழிகோலியவர் ஷெபீல்ட் நகரத்து ஹென்றி கிளிப்டன் சோபி. 1863, 1864ஆம் ஆண்டுகளில் உருக்கை மெருகிட்டு, அமிலத்தால் அரித்து, அதன் மணியமைப்பை அவர் கண்டார். நிமிர்ந்த கருவியில் மெருகிட்ட முகம் மேடைக்குச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும். அன்றேல் பார்வைப்புலத்தின் ஒரு பாதி தெளிந்து மறுபாதி மங்கும். களிபோன்ற பிளாஸ்ரிசீனில் உலோகத் துண்டைப் பதித்துச் சமன்செய்வது இதற்கான எளிய வழி. எனினும், மேற்பரப்பு மேடையில் உரசுதல் ஆகாதெனக் கருதப்படும் சிலிக்கன் தகடு போன்றவற்றைச் சோதிக்க நிமிர்ந்த கருவியே சிறந்தது.

பாறைகளை ஆராய்வோர் அவற்றை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் சுழலும் மேடையில் வைத்து நோக்குவர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லையும் அவ்வாறு நோக்கின், பண்டைக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகளைக் காணலாம்.

எத்தொழிலுக்காயினும், விலை கொடுக்குமுன் சில சோதனைகள் செய்தல் வேண்டும். 10 மடங்கில் தெளிவாக்கிய உருவம், 40 மடங்குக்குத் திருப்பும்போது நுண்திருகின் சிறு அசைவாலே தெளிவுறுகின்றதா? மேடை சில நிமிடத்தில் தானாகக் கீழிறங்குகின்றதா? புலத்தின் விளிம்பும் நடுவைப்போலத் தெளிவாகத் தோன்றுகின்றதா? இவற்றைக் கையாற் சோதித்தறிக.

ஒளியை ஒழுங்குசெய்தல்

சிறந்த வில்லையும் தீய ஒளியமைப்பாற் பயனிழக்கும். 1893ஆம் ஆண்டில் ஓகஸ்ற் கோலர் வகுத்த முறை இன்றும் கையாளப்படுகின்றது. முதலில் 10 மடங்கு வில்லையாற் பொருளைத் தெளிவாக்குக. பின்னர் விளக்கருகிலுள்ள புலத்திரையைச் சுருக்கி, அதன் விளிம்பு கூர்மையாகத் தோன்றும்வரை ஒடுக்கியை ஏற்றியிறக்குக. அவ்வொளி வட்டத்தை நடுவுக்குக் கொணர்ந்து, புலத்துக்குச் சற்று வெளியே மறையுமளவு திரையை விரிக்குக. ஈற்றில் பார்வைத்துண்டை நீக்கிக் குழாயினுட் பார்த்து, ஒடுக்கியின் திரையை வட்டத்தின் மூன்றிலிரண்டு பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்குவரை திறந்து வைக்குக. ஒளி மிகுந்தால் விளக்கைத் தணித்தல் வேண்டுமேயன்றி இத்திரையைச் சுருக்குதலாகாது. சுருக்கினால் எண்துவாரம் குறைந்து, விலைகொடுத்து வாங்கிய பிரிவலு வீணாகும்.

ஒரு துளிக் குருதியில் ஒரு நாட்டின் நலன்

இவையெல்லாம் நுட்பவியலார்க்கு மட்டும் உரிய சில்லறை விதிகளோவெனச் சிலர் ஐயுறலாம். நம் நாட்டு மலேரியாவின் வரலாறு அவ்வையத்தை நீக்கும். 1934-35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 மக்கள் மாண்டனர். பெருமுயற்சியின் பயனாக 1963ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. விழிப்புத் தளர்ந்தது, நோய் மீண்டது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் பல்லாண்டுகள் உழைத்தபின், உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் காணப்பட்டார். 2016ஆம் ஆண்டு செத்தெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆயினும், பிறநாடு சென்று மீள்வோர் நோயைக் கொணர்தல் கூடும். அதனைப் பரப்பும் நுளம்பும் ஈங்குண்டு. அந்நோயாளியை உரிய வேளையில் கண்டறியும் பொறுப்பு இன்றும் எண்ணெய்வில்லையின்முன் அமர்ந்திருப்பவனிடம் பெரிதும் தங்கியுள்ளது. செங்குருதிக்கலத்தின் விட்டமே ஏழு அல்லது எட்டு மைக்கிரோமீற்றர். அதனுள் ஒட்டுண்ணியின் இளம் வளையம் மிகச் சிறியது. தடித்த படலத்தில் நோயுண்டோவென்பதையும், மெல்லிய படலத்தில் அது எவ்வினமென்பதையும் அறிதல் வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் வழக்கு. அப்பழமொழி இவ்விடத்துச் செல்லாது. நூறு புலங்களையேனும் பொறுமையுடன் பார்த்த பின்னரே “இல்லை” என எழுதுதல் முறை. அழுக்கேறிய வில்லையும் சுருக்கிய திரையும் அச்சொல்லைப் பொய்யாக்கும். அப்பொய் ஓருயிரையே கவரவுங் கூடும்.

பேணுதல்

ஈரப்பதன் மிக்க நம் நாட்டில் வில்லைக்குப் பெரும்பகை பூஞ்சணம். பயன்படுத்தாத வேளையில் கருவியை உலர்ந்த பேழையில், நிறமாறும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தல் நன்று. நிறம் மாறியதும் அதனை வெப்பமேற்றி உலர்த்தி மீளப் பயன்படுத்தலாம். பணி முடிந்தவுடன் எண்ணெயை வில்லைத் தாளால் ஒற்றியெடுக்குக. சட்டை நுனியாலும் கைக்குட்டையாலும் தேய்த்தல் ஆகாது. எண்ணெயிட்ட வழுக்கியின்மேல் 40 மடங்கு உலர்வில்லையைத் திருப்பாதிருத்தல் மாணவர் முதலிற் பழகவேண்டிய ஒழுக்கம்.

கருவி கண்ணுக்குத் துணையாகுமேயன்றிக் கருத்துக்கு ஈடாகாது. நம் கல்லூரி ஆய்கூடத்திற் பயிலும் இளைஞர், கண்டதைக் கண்டவாறே வரைந்து, காணாததைக் கண்டதாக எழுதாது, நேர்மையுடன் நோக்கப் பழகுவாராக. அவர்களுள் ஒருவன் எழுதும் “உண்டு”, “இல்லை” என்னும் சிறு சொல்லை நம்பி நாளை ஒரு மருத்துவர் மருந்தளிப்பார். ஒரு பொறியியலாளர் பாலம் அமைப்பார்.